ஆழம் பார்த்துக் காலை விடு!
(ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை)



டிப்ளமா படிக்கிற நம்மில் பல பேர் இன்னிக்குப் பாடப்புத்தகத்தோடு நிற்பதில்லை. சாயங்காலம் ஆனா டி.டி.பி. சென்டரில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்றவங்க இருக்காங்க. ஸ்டூடியோவில் ஆல்பம் போடறவங்க, குறும்படம் எடிட் பண்றவங்க, வீட்டிலேயே பாட்டு மிக்ஸிங் பண்றவங்க என்று ஒவ்வொரு டிபார்ட்மெண்டிலும் நாலு பேராவது தேறுவாங்க. இவங்களுக்குக் கம்ப்யூட்டர் என்பது பொழுதுபோக்கு இல்லை. செமஸ்டர் பீஸ் அதிலிருந்துதான் வருது.

இப்படிப்பட்ட ஒரு கம்ப்யூட்டரில் ஒரு நாள் திரையின் மூலையில் ஒரு செய்தி எட்டிப் பார்க்கும். "புதிய வெர்ஷன் தயார். இப்போதே இன்ஸ்டால் செய்யலாமா?" இலவசம் வேற. யாருக்குத்தான் ஆசை வராது? ஒரு தட்டு தட்டிவிட்டு டீ குடிக்கப் போயிடுவோம். திரும்பி வந்து பார்த்தா புது வால்பேப்பர், புது ஐகான், எல்லாம் பளபளன்னு இருக்கும். ஆனா போட்டோஷாப்பைத் தட்டினா திறக்காது. ஸ்கேனர் அசையாது. நாளைக்குக் கொடுக்க வேண்டிய பத்திரிகை உள்ளே மாட்டிக்கொண்டு இருக்கும்.

இது ஏன் நடக்கிறது, நடக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

அப்டேட் வேறு, அப்கிரேடு வேறு

முதலில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மாதா மாதம் வருகிற பாதுகாப்புத் திருத்தங்கள் அப்டேட். அது இருக்கிற மெஷினுக்கு ஆயில் போட்டு, தேய்ந்த வாஷரை மாற்றுகிற மாதிரி. அதைத் தள்ளிப் போடக் கூடாது. அப்கிரேடு என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தையே அடுத்த தலைமுறைக்கு மாற்றுவது. விண்டோஸ் 10-லிருந்து விண்டோஸ் 11-க்குப் போவது அந்த வகை.

ஒர்க் ஷாப்பில் நாம பார்த்த விஷயத்தையே உதாரணமா எடுத்துக்குவோம். அரை இஞ்சு பி.எஸ்.டபிள்யூ. போல்ட்டையும் எம்-12 மெட்ரிக் போல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். ஒன்றின் நட்டை இன்னொன்றில் மாட்டிப் பாருங்க, ஏறாது. அங்கே இஞ்சுக்கு 12 மரை, இங்கே பிட்ச் 1.75 மில்லிமீட்டர். போல்ட்டும் நல்ல போல்ட்தான், நட்டும் நல்ல நட்டுதான். இரண்டும் சேராது, அவ்வளவே. சாப்ட்வேரும் ஆபரேட்டிங் சிஸ்டமும் சேருமா என்று பார்ப்பதைத்தான் 'கம்பாட்டிபிலிட்டி' பார்க்கிறது என்கிறோம். நம்ம தமிழில் சொன்னா 'பொருத்தம்' பார்க்கிறது. கல்யாணத்துக்கு மட்டும்தான் பொருத்தம் பார்க்கணுமா என்ன?

2019-இல் என்ன நடந்தது?

இதற்கு நல்ல பாடம் ஆப்பிள் கம்பெனியின் மேக் கம்ப்யூட்டர்களில் நடந்த கதை. 2019 அக்டோபர் 7-ஆம் தேதி 'கேட்டலினா' என்ற மேக் ஓ.எஸ். 10.15 வெளிவந்தது. அதில் 32 பிட் புரோகிராம்கள் எதுவுமே ஓடாது. மெதுவாக ஓடும், தப்பும் தவறுமாக ஓடும் என்ற பேச்சே கிடையாது. திறக்கவே திறக்காது.

அது என்ன 32 பிட்? ஒரு புரோகிராம் மெமரியில் ஒரு இடத்தைக் குறிப்பிட 32 பிட் நீளமுள்ள முகவரியைப் பயன்படுத்தினால், அதிகபட்சம் 4,29,49,67,296 இடங்களைத்தான் சுட்டிக்காட்ட முடியும். அதாவது 4 ஜி.பி. பெரிய படம், நீளமான வீடியோ என்று வரும்போது இது போதாது. அதனால் உலகம் 64 பிட்டுக்கு மாறியது. மாறின பிறகும் பழைய புரோகிராம்கள் ஓட வேண்டும் என்றால், ஆபரேட்டிங் சிஸ்டம் தன் நூலகங்களை இரண்டு செட்டாக வைத்திருக்க வேண்டும். ஒன்று 32-க்கு, ஒன்று 64-க்கு. இரண்டு குடித்தனத்தை எத்தனை நாள் நடத்துவது? ஒரு நாள் பழைய செட்டைத் தூக்கிவிட்டார்கள்.

திடீரென்று செய்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 2017-லேயே ஆப்பிள் தன் டெவலப்பர்களிடம் சொல்லிவிட்டது. 2018-இல் வந்த 10.13.4 அப்டேட்டிலிருந்து, 32 பிட் புரோகிராமைத் திறந்தால் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வந்து நின்றது. நாம எல்லாரும் அந்தப் பெட்டியை என்ன செய்வோம்? படிக்காமலே 'ஓ.கே.' தட்டுவோம்!

கேட்டலினாவால் அடிபட்டவை எவை? 2012-இல் வந்த அடோபி சி.எஸ்.6 தொகுப்பு, 2015-இல் வந்த லைட்ரூம் 6, ஆப்பிளே தயாரித்த 'அப்பெர்ச்சர்' என்ற போட்டோ சாப்ட்வேர், குவிக்டைம் 7 என்று பட்டியல் நீளும். பைனல் கட் புரோ 7 அதற்கும் முன்னாலேயே, 2017-இல் வந்த 'ஹை சியாரா'விலேயே நின்றுபோனது. இவையெல்லாம் ஒரு முறை காசு கொடுத்து வாங்கினால் காலத்துக்கும் நமக்கே என்று நினைத்து ஜனங்கள் வாங்கியவை.

இங்கேதான் ஒரு நுணுக்கம் இருக்கு. போட்டோஷாப் சி.எஸ்.6, லைட்ரூம் 6 இரண்டுமே 64 பிட்டில் ஓடக்கூடிய புரோகிராம்கள்தான். அப்புறம் ஏன் மாட்டிக்கொண்டன? அவற்றை இன்ஸ்டால் செய்கிற புரோகிராமும், லைசென்ஸைச் சரிபார்க்கிற பகுதியும் 32 பிட்! மாப்பிள்ளை ரெடி, மண்டபக் கதவின் சாவி இல்லை என்ற கதைதான்.

நண்பர்களே, இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்த ஒரு விஷயத்தை மறக்காதீங்க. 'போட்டோஷாப் ஓடுமா?' என்று மட்டும் கேட்டால் போதாது. போட்டோஷாப்பைச் சுற்றி ஒரு சங்கிலியே இருக்கு. சங்கிலியின் பலம் அதன் பலவீனமான கண்ணியில்தான் இருக்கு என்பதை ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் படித்த நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சங்கிலியில் என்னென்ன கண்ணிகள்?

1. இன்ஸ்டாலர்: விண்டோஸிலும் இதே கதைதான். 64 பிட் விண்டோஸில் 32 பிட் புரோகிராம் ஓடும், ஆனா 16 பிட் புரோகிராம் ஓடாது. 1990-களில் வந்த பல சாப்ட்வேர்கள் 32 பிட்டாக இருந்தாலும், அவற்றின் 'செட்-அப்' பைல் 16 பிட். அதனால் சி.டி. கையில் இருந்தும் இன்ஸ்டால் பண்ண முடியாமல் போவதுண்டு. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது.

2. லைசென்ஸ்: பழைய சாப்ட்வேர் கம்பெனியின் சர்வரைத் தொடர்பு கொண்டு அனுமதி வாங்கும். அந்த சர்வரையே மூடிவிட்டால்? சி.எஸ்.2-க்கான சர்வரை அடோபி 2012 இறுதியில் மூடியது. ஒழுங்காக வாங்கினவர்களுக்கு சர்வர் தேவைப்படாத வேறு காப்பியைக் கொடுக்க வேண்டி வந்தது. எல்லா கம்பெனியும் இப்படிக் கொடுப்பாங்க என்று நம்பியிருக்க முடியாது.

3. ப்ளக்-இன்: ஸ்கின் டோன் சரிபண்ண ஒன்று, ஆல்பம் பார்டர் போட ஒன்று, குரலைச் சுத்தம் பண்ண ஒன்று என்று எங்கிருந்தெல்லாமோ வாங்கிச் சேர்த்திருப்போம். 64 பிட் புரோகிராமுக்குள் 32 பிட் ப்ளக்-இன் ஏறாது. 2020 நவம்பரிலிருந்து ஆப்பிள் தன் சொந்த சிப் போட்ட மேக்குகளை விற்க ஆரம்பித்தது. அதிலும் இதே பிரச்சினைதான். போட்டோஷாப் புதிய சிப்புக்காகவே எழுதப்பட்டது, ப்ளக்-இன்னோ பழைய இன்டெல் சிப்புக்கு எழுதினது என்றால், போட்டோஷாப்பையே 'ரொசெட்டா' என்ற மொழிபெயர்ப்பு ஏற்பாட்டின் வழியாக ஓட்ட வேண்டி வரும். அந்த ரொசெட்டாவுக்கும் ஆயுசு குறித்தாகிவிட்டது. மேக் ஓ.எஸ். 27 வரைதான் முழுமையாக இருக்கும் என்று 2025 ஜூனில் ஆப்பிள் அறிவித்தது.

4. டிரைவர்: ஸ்கேனர், வரைகிற டேப்லெட், பிளாட்டர், ஆடியோ இன்டர்பேஸ், பேரலல் போர்ட்டில் மாட்டுகிற டாங்கிள் எல்லாவற்றுக்கும் டிரைவர் வேணும். 64 பிட் விண்டோஸுக்கு 64 பிட் டிரைவர்தான் வேணும், அதுவும் முறையாகக் கையெழுத்திட்ட டிரைவராக இருக்கணும். பத்து வருஷப் பழைய ஸ்கேனருக்குக் கம்பெனி புது டிரைவர் எழுதவில்லை என்றால், நல்லா இருக்கிற ஸ்கேனர் அலமாரிக்குப் போக வேண்டியதுதான்.

5. ஃபாண்ட்: போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப்-1 ஃபாண்டுகள் 1980-களிலிருந்து அச்சுத் தொழிலை ஆண்டவை. 2023 ஜனவரியிலிருந்து அடோபி தன் சாப்ட்வேர்களில் அவற்றுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. பழைய டிசைனைப் புதிய வெர்ஷனில் திறந்தால் 'ஃபாண்ட் இல்லை' என்று வரும்.

6. பைல்: சாப்ட்வேர் புதுசாகிவிட்டால் பழைய பைல் திறக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. 2011-இல் பைனல் கட் புரோ எக்ஸ் வந்தபோது, அதற்கு முந்தைய வெர்ஷனான 7-இல் செய்த பிராஜெக்டுகளை அதனால் திறக்க முடியவில்லை. ஒரே கம்பெனி, ஒரே பெயர்!

தமிழ் டி.டி.பி. பண்றவங்க கவனத்துக்கு

நமக்கு இதில் தனிக் கஷ்டம் ஒன்று இருக்கு. ஊரெல்லாம் டி.டி.பி. சென்டர்களில் வருஷக்கணக்காக பேஜ்மேக்கரில்தான் வேலை நடந்தது. அதன் கடைசி வெர்ஷன் 7.0 வந்தது 2001-இல். அதற்கப்புறம் அடோபி அதை வளர்க்கவில்லை, இன்டிசைனுக்கு மாறச் சொல்லிவிட்டது. பழைய பேஜ்மேக்கர் பைலை இன்டிசைன் திறக்குமா? சி.எஸ்.6 வரை திறக்கும். அதற்குப் பின் வந்த சி.சி. வெர்ஷன்களில் அந்த வசதி இல்லை. சி.எஸ்.6-ஓ கேட்டலினா மேக்கில் ஓடாது. சங்கிலி எப்படி அறுந்து போகுது பார்த்தீங்களா? ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாத்தினதால், பதினஞ்சு வருஷத்துக்கு முன்னால் அடித்த கோவில் மலரோ பள்ளி மலரோ திறக்க வழியில்லாமல் போகலாம்.

அடுத்தது எழுத்து. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபாண்டுகள் பலவும் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. பாமினி ஃபாண்டில் 'அம்மா' என்று இருப்பது கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை எம், கே, செமிகோலன், கே, ஹெச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். அந்த ஃபாண்ட் புது சிஸ்டத்தில் இல்லை என்றால் அம்மாவைக் காணோம், குறிகள்தான் மிஞ்சும். இன்னொரு கம்பெனி ஃபாண்டைப் போட்டாலும் சரிவராது, ஏன்னா ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு இடத்தில் எழுத்தை வைத்தது. இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான் 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற பொதுத் தரங்கள் வந்தன. இன்றைக்கு யூனிகோடு.

ஆகவே தமிழ் டி.டி.பி. வேலை பண்றவங்க அப்கிரேடுக்கு முன் மூன்று வேலைகளைக் கட்டாயம் செய்யணும். ஒன்று, பயன்படுத்துகிற எல்லா ஃபாண்ட் பைல்களையும் தனி போல்டரில் காப்பி எடுங்க. இரண்டு, முக்கியமான ஒவ்வொரு வேலையையும் பி.டி.எஃப். ஆக மாற்றி வைங்க. திருத்த முடியாவிட்டாலும் அச்சடிக்கவாவது ஆகும். மூன்று, செய்தி மட்டுமாவது யூனிகோடுக்கு மாற்றி ஒரு பிரதி வைங்க. சிஸ்டம் மாறினாலும் எழுத்து நிற்கும்.

அப்போ மாறவே வேண்டாமா?

"இவ்வளவு தொல்லை எதுக்கு? இருக்கிறதே போதும்" என்று சிலர் சொல்வாங்க. அதுவும் ஆபத்து. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் போட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே ஸ்தம்பித்தன. அந்த ஓட்டையை அடைக்கிற திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் கொடுத்திருந்தது. அதைப் போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். ஆதரவு முடிந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இப்படித் திருத்தம் வருவதே நின்றுவிடும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இலும் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 10-க்குப் பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு என்று அறிவித்தார்கள்.

விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் மெஷினும் ஒத்துழைக்கணும். டி.பி.எம். 2.0 சிப், செக்யூர் பூட் வசதி, குறைந்தது 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம், அதோடு மைக்ரோசாப்ட் ஏற்றுக்கொண்ட புராசஸர் பட்டியலில் இடம். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். அதுவும் இது வெறும் விண்டோஸ் ஓடுவதற்கான கணக்கு. அதன் மேல் போட்டோஷாப்போ வீடியோ எடிட்டிங்கோ ஓட்ட 4 ஜி.பி. எந்த மூலைக்கு?

ஆக, மாறித்தான் ஆகணும். ஆனா எப்போ, எப்படி என்பதை நாம முடிவு பண்ணணும். திரையின் மூலையில் வருகிற செய்தி முடிவு பண்ணக் கூடாது.

அப்கிரேடுக்கு முன் எட்டுப் படிகள்

1. ஒரு பேப்பர் எடுங்க. பயன்படுத்துகிற ஒவ்வொரு சாப்ட்வேர், வெர்ஷன், 32 பிட்டா 64 பிட்டா, லைசென்ஸ் நம்பர், அதோடு சேர்ந்த ப்ளக்-இன், டிரைவர் என்று கட்டம் போட்டு எழுதுங்க. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரில் 32 பிட் புரோகிராமின் பெயர் பக்கத்திலேயே அப்படி என்று காட்டும். மேக்கில் சிஸ்டம் இன்பர்மேஷனில் அப்ளிகேஷன்ஸ் பட்டியலைப் பார்த்தால் தெரியும்.

2. ஒவ்வொன்றுக்கும் அதைத் தயாரித்த கம்பெனியின் 'சிஸ்டம் ரெக்வயர்மென்ட்ஸ்' பக்கத்தைப் படியுங்க. பக்கத்து வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் ஓடினது ஆதாரம் ஆகாது. அவரிடம் உங்க ப்ளக்-இன்னும் உங்க ஸ்கேனரும் இருக்காது. 'மினிமம்' என்று போட்டிருப்பது திறப்பதற்கு, 'ரெகமண்டட்' என்று போட்டிருப்பது வேலை செய்வதற்கு.

3. பட்டியலில் ஒன்றாவது 'ஓடாது' என்று வந்தால், அது இல்லாமல் வேலை நடக்குமா, மாற்று உண்டா, எவ்வளவு செலவு என்று கணக்குப் போடுங்க. இலவச அப்கிரேடு, புது ஸ்கேனரும் புது ப்ளக்-இன்னும் வாங்க வைத்தால் அது இலவசமா?

4. முழு பேக்-அப் வெளி ஹார்ட் டிஸ்கில் எடுங்க. எடுத்தால் மட்டும் போதாது. இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி, நாலு பைலைத் திறந்து பாருங்க. திறந்து பார்க்காத பேக்-அப் பேக்-அப்பே இல்லை.

5. கம்ப்யூட்டர் எண்ணிக்கைக் கணக்கு வைத்திருக்கிற லைசென்ஸ் என்றால், அப்கிரேடுக்கோ பார்மட்டுக்கோ முன்னால் 'டி-ஆக்டிவேட்' பண்ணுங்க. மறந்தால், பழைய சிஸ்டத்தின் பெயரில் ஒரு இடம் வீணாகப் போகும்.

6. முடிந்தால் வேறு டிஸ்கிலோ வேறு மெஷினிலோ புது சிஸ்டத்தைப் போட்டு, ஒரு வேலையை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை செய்து பாருங்க. ஸ்கேன் பண்ணி, டிசைன் போட்டு, தமிழ் அடித்து, சேவ் பண்ணி, மூடித் திறந்து, பிரிண்ட் எடுத்து முடிக்கணும். சாப்ட்வேர் திறந்துவிட்டது என்பதோடு விட்டால், பிரிண்ட் எடுக்கும்போதுதான் வில்லங்கம் தெரியும்.

7. திரும்பி வருகிற வழியைத் தெரிந்து வையுங்க. விண்டோஸில் அப்கிரேடு பண்ணின பின் சாதாரணமாக 10 நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம். அதற்குப் பிறகு பழைய பைல்கள் அழிந்துவிடும். மேக்கில் இப்படி ஒரு பட்டனே கிடையாது. டிஸ்கை அழித்துப் பழைய வெர்ஷனைப் போட்டு, பேக்-அப்பிலிருந்து எடுக்கணும்.

8. நேரம் காலம் பாருங்க. பிராஜெக்ட் சப்மிஷனுக்கு முதல் வாரம், முகூர்த்த சீசன், போர்டு பிராக்டிக்கல் நேரம், இதெல்லாம் அப்கிரேடுக்கு ராகு காலம். செமஸ்டர் லீவுதான் நல்ல நேரம். புது வெர்ஷன் வந்த அன்றைக்கே பாய வேண்டாம். ஒன்றிரண்டு திருத்தம் வந்த பிறகு போனால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டாங்க.

பழைய சாப்ட்வேர் இல்லாமல் முடியவே முடியாது என்கிற நிலைமை வந்தால், பழைய மெஷினைப் பழைய சிஸ்டத்தோடே வைத்துக்கொள்ளுங்க. ஆனா நெட் ஒயரைக் கழற்றிவிடுங்க. அல்லது 'விர்ச்சுவல் மெஷின்' முறையில் புது கம்ப்யூட்டருக்குள் பழைய சிஸ்டத்தை ஓட்டலாம். ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்க்ரைபஸ், பிளெண்டர் போன்ற இலவச சாப்ட்வேர்களையும் பழகி வையுங்க. அவற்றுக்கும் பொருத்தம் பார்த்துத்தான் ஆகணும் என்றாலும், லைசென்ஸ் சர்வர் மூடிவிட்டது என்ற தொல்லை கிடையாது.

ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆகணும். திருட்டு காப்பி வைத்து வேலை பண்றவங்களுக்கு மேலே சொன்ன எந்தப் படியும் முழுசா உதவாது. அது எந்த சிஸ்டத்தில் ஓடும் என்று யார்கிட்ட போய்க் கேப்பீங்க? உள்ளே என்ன வைரஸ் இருக்கு என்றுதான் யாருக்குத் தெரியும்?

கடைசியா, நம்ம எல்லாருக்கும் பொதுவான ஒரு யோசனை. லேப் கம்ப்யூட்டர்களுக்கும் இதே விதிதான். சாப்ட்வேர் வாரியாக ஒரு பட்டியலை மாணவர்களே சேர்ந்து தயாரித்து லேப் இன்சார்ஜ் சாரிடம் கொடுக்கலாம். எந்த டிபார்ட்மெண்டுக்கு எது வேணும், எந்த வெர்ஷனில் தேர்வு நடக்குது என்பது வருஷம் முழுக்க அந்த மெஷினில் உட்காருகிற நமக்குத்தானே நல்லாத் தெரியும்? ஒரு நோட்டு, இரண்டு மணி நேர வேலை. போர்டு பிராக்டிக்கல் அன்றைக்குக் காலையில் டிராயிங் சாப்ட்வேர் திறக்காமல் முப்பது பேர் வேர்த்து நிற்பதைவிட இது மேல்.

புதுசு வரட்டும், வரவேற்போம். ஆனா அந்தப் பட்டனைத் தட்டுகிற விரல், முதலில் பட்டியல் எழுதின விரலாக இருக்கட்டும்!